பேராயருக்கு அரசியல் எதற்கு?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரும் தமிழ்ப் பயணிகளுக்கு வழிகாட்டுவது என் தொழில். காந்தியையும் மண்டேலாவையும் பற்றிப் படித்துவிட்டு வருகிறார்கள். டர்பனின் கத்தோலிக்கப் பேராயராக இருந்து நிறவெறியை எதிர்த்த டெனிஸ் ஹர்லி என்றால் முகத்தைப் பார்க்கிறார்கள். அதனால் பயணத் திட்டத்தில் இல்லாவிட்டாலும், அவருடைய கல்லறை இருக்கும் இம்மானுவேல் பேராலயத்துக்கு எல்லோரையும் அழைத்துப்போகிறேன்.

“பேராயருக்கு அரசியல் எதற்கு?” என்று அங்கே யாராவது கேட்பார்கள். நான் எதிர்பார்த்துக் காத்திருக்கும் கேள்வி அது.

என் தாத்தா நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் வாழ்ந்த எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களை 1960-களில், ஒவ்வோர் இனமும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற இனவாரிப் பகுதிச் சட்டத்தின்படி கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்விட்டார்கள். கேட்க நாதியில்லை என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மக்களை இப்படி இருப்பிடத்திலிருந்து பெயர்ப்பதைக் கண்டித்து, 1970-களில் டர்பன் மத்திய அஞ்சல் நிலையத்தின் முன்னால் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டு மௌனமாக நின்றவர் ஹர்லி. வெள்ளையர்; பேராயர்; ஊரே அறிந்த முகம். ஒதுங்கியிருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. இதைச் சொல்லும்போது இன்றும் என் குரல் தழுதழுக்கிறது.

31 வயதில் ஆயரானவர். 1957-ல் தென்னாப்பிரிக்க ஆயர்கள் நிறவெறியை இயல்பிலேயே தீயது என்று அறிவித்தபோது அவர்களுடைய பேரவையின் தலைவர் அவர்தான். தங்கள் பள்ளிகளிலும், பாதிரியார்களுக்குப் பயிற்சி தரும் குருமடங்களிலும் பாகுபாடு இருப்பதையும் அதே அறிக்கையில் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் வெள்ளையருக்கான கத்தோலிக்கப் பள்ளிகள் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்க 1976 ஆகிவிட்டது. அந்தத் தாமதம் என்னை உறுத்துகிறது. பயணிகளிடமும் அதை மறைப்பதில்லை.

அப்போது தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த நமீபியாவில் ‘கூவூட்’ என்ற போலீஸ் படை செய்த கொடுமைகளை வெளியே சொன்னதற்காக 1984-ல் அவர்மீது வழக்குப் போட்டார்கள். 1985 பிப்ரவரியில் அரசே அதைக் கைவிட்டது. அமைதி வழி என்றால் கைகூப்பிக் காத்திருப்பது என்று நினைக்கும் பயணிகளுக்கு இந்த வழக்கைத்தான் விரிவாகச் சொல்கிறேன். துப்பாக்கி வைத்திருந்த அரசு, ஒரு முதியவர் பேசியதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் பார்த்தது. உண்மை வெளியே வருவதற்கு அது அவ்வளவு அஞ்சியது.

1992-ல் பேராயர் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்று, இதே பேராலயத்தில் பங்குத்தந்தையானார். எல்லா இனத்தவரும் வாக்களித்த 1994 தேர்தலையும் பார்த்துவிட்டு 2004-ல் காலமானார்.

பக்கத்திலேயே அவர் பெயரில் ஒரு மையம் இருக்கிறது. வீடற்றவர்களுக்கு எந்த மதமென்று கேட்காமல் உணவும் மருத்துவமும் தருகிறார்கள். நேரமிருக்கும் குழுவை அங்கே அழைத்துப்போய், பரிமாறுகிறவர்களோடு பேசவிடுகிறேன்.