போன் என்னைக் கள்ளன் என்கிறது

போன மாதம் கொக்குவிலில் இருந்து ஒரு ரீச்சர் யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் போன் திருத்தும் கடைக்கு வந்தார். ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கையில் இருந்தது மகன் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் இருந்து கொண்டுவந்து கொடுத்த போன், 2021இல் வாங்கியது. விடிய நூறு வீதம் காட்டுகிற பற்றரி பத்து மணிக்குள் படுத்துவிடுகிறது.

என்னிடம் அதே மொடல் போன் ஒன்று கிடந்தது. கிணற்றடியில் விழுந்து போர்ட் செத்தது, ஆனால் பற்றரி நல்ல பற்றரி. அதைக் கழற்றி ரீச்சரின் போனில் போட்டேன். அதே கொம்பனி, அதே மொடல், தொழிற்சாலையில் வைத்த பற்றரி. போன் எழும்பியது. கூடவே ஒரு அறிவித்தலும் எழும்பியது: இந்தப் பற்றரி அசல்தானா என்று உறுதிப்படுத்த முடியவில்லையாம்.

ரீச்சர் கண்ணாடியை இறக்கி இரண்டு தரம் வாசித்தார்.

"தம்பி, நான் உம்மிட்டை ஒரிஜினல்தானே கேட்டனான்?"

"ஒரிஜினல்தான் ரீச்சர்."

"அப்ப போன் பொய் சொல்லுதோ?"

ஓம் என்றேன். அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இருபத்தைந்து வருசமாக இந்தத் தொழிலில் நிற்கிறவனைவிட ஒரு போனின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

நடப்பது இதுதான். பற்றரியோடு ஒட்டிய சின்னப் பலகையில் ஒரு சிப் இருக்கும், அதற்கு ஒரு இலக்கம். போனின் மதர்போர்ட் தனக்கென்று வந்த இலக்கத்தை மட்டும்தான் தெரியும் என்று சொல்லும். வேறு இலக்கம் வந்தால் அது சொந்தச் சகோதரமாக இருந்தாலும் அந்நியன்தான். டிஸ்பிளே, கமரா என்று ஒவ்வொன்றாக இந்தப் பூட்டைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். கொம்பனியின் மென்பொருளால் இரண்டையும் சேர்த்துவைக்கலாம். அந்த மென்பொருள் என்னிடம் இல்லை.

அன்றிரவு, மகன் இருக்கிற ஊராயிற்றே என்று ஒரேகனைத் தேடிப் பார்த்தேன். பார்த்தால், இதே வியாதிக்கு அங்கே சட்டமே போட்டிருக்கிறார்கள். 2024 மார்ச்சில் ஆளுநர் ரீனா கோட்டெக் கையெழுத்திட்ட சட்டம். மாற்றுப் பாகம் போடவிடாமல் தடுக்க, போட்ட பாகத்தின் வேலையைக் குறைக்க, பாவனையாளரைத் தவறாக எண்ணவைக்கும் அறிவித்தல் காட்ட இந்த இலக்கப் பூட்டைப் பயன்படுத்தக்கூடாது என்று எழுதியிருக்கிறது. மூன்றாவதை வாசித்தபோது ரீச்சரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

வாங்கிய சாமானை விரும்பியவரிடம் திருத்துவிக்கலாம் என்கிற இதைத்தான் திருத்தும் உரிமை என்கிறார்கள். அமெரிக்காவில் இதை மத்திய அரசு செய்யவில்லை, மாநிலம் மாநிலமாகத்தான் நடக்கிறது. 2012இல் மசாசுசெட்ஸ் மக்கள் கார் திருத்துவதற்காக வாக்களித்தார்கள், 86 வீதம் பேர் ஆதரவு. பிறகு நியூயோர்க், மினசோட்டா, கலிபோர்னியா. கலிபோர்னியாச் சட்டம் எனக்குப் பிடித்தது: 100 டொலருக்கு மேற்பட்ட சாமான் என்றால் அந்த மொடல் செய்வதை நிறுத்தி 7 வருசம் வரை பாகமும் கருவியும் திருத்தும் குறிப்பும் கொடுக்க வேண்டும். நியூயோர்க்கில் கதை வேறு. இரண்டு சபையும் நிறைவேற்றிய சட்டமூலம் 2022 டிசம்பரில் ஆளுநர் கையெழுத்திடும் நேரத்தில் பல்லுப் பிடுங்கப்பட்டது. பாகத்தைத் தனியாக விற்காமல் முழுத் தொகுதியாக விற்கலாம் என்று ஓட்டை விட்டார்கள். ஐம்பது ரூபாய்ச் சிப்புக்கு ஐயாயிரம் ரூபாய்ப் போர்ட்டை வாங்கு என்கிற மாதிரி. இப்போது 50 மாநிலங்களிலும் ஒருதரமாவது இப்படியொரு சட்டமூலம் சபைக்கு வந்துவிட்டது. அநேகமானவை குழுவிலேயே செத்துப்போகின்றன. 2025இல் வாஷிங்டனும் டெக்சாஸும் தப்பிப் பிழைத்தன.

ஒரேகனில் ஒரு பெரிய போன் கொம்பனி எதிர்த்தது, இன்னொன்று ஆதரித்தது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணம் பாதுகாப்பு. அதை முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். கொழும்புப் புறக்கோட்டையில் இருந்து இரவு பஸ்ஸில் வருகிற மலிவுப் பற்றரி மூன்று மாதத்தில் அப்பளம் மாதிரி வீங்கியதை என் மேசையிலேயே கண்டிருக்கிறேன், அதில் இரண்டு நானே போட்டவை. களவெடுத்த போனைக் கழற்றி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கள்ளனைப் பிடிக்கப் போட்ட வலையில் ரீச்சரின் பற்றரி எதற்குச் சிக்கவேண்டும்?

எனக்கு இந்த வேலை பழக்கியது மாமா. ரேடியோ மெக்கானிக். தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், கரண்டும் இல்லை, பற்றரி தடைசெய்த சாமான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி நான் பெடலைச் சுற்ற, டைனமோக் கரண்டில் மாமா வீட்டு வளவில் பத்துப் பேர் பி.பி.சி. தமிழோசை கேட்பார்கள். கை சோர்ந்தால் செய்தி இழுபடும், ஏச்சு விழும். மோட்டச்சைக்கிளைத் துளிப் பெற்றோலில் உசுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். புகையைச் சொல்லி முடியாது. அந்த மோட்டச்சைக்கிளில் ஒரு சிப் இருந்து "இது அசல் எரிபொருள் இல்லை" என்று நின்றிருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராதவர்கள் எத்தனை பேர்.

சரி, எங்கள் நாட்டுச் சட்டம்? நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். உத்தரவாதம் சொன்னபடி இல்லாத சாமானுக்கு முறையிடலாம். ஆனால் எழுத்தில், விற்ற நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள். ஒரு வருச உத்தரவாதத்தோடு வாங்கிய சாமான் எட்டாம் மாதம் பழுதானால் அந்த வழியால் போக முடியாது. 2021இல் திருத்தம் கொண்டுவந்து, கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்கிற தனியாளுக்குக் குறைந்தது ஒரு இலட்சம் ரூபாய் தண்டம் என்று உயர்த்தினார்கள். அரிசிக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் அது உதவுகிறது, 1977க்கு அழைத்தால் ஆளும் எடுக்கிறார்கள். உதிரிப்பாகம் கொடுக்கத்தான் வேண்டும், திருத்தும் உரிமை உண்டு என்று அந்தச் சட்டத்தில் ஒரு விதியும் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் வாங்கிய ரி.வி. இரண்டாம் வருசமே இருண்டது. முகவர் "பனல் வாறேல்லை அண்ணை, புதுசு எடுங்கோ" என்று கைவிரித்தார். எங்கே முறையிடுவது என்று என்னைக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அமெரிக்கச் சட்டங்களால் எனக்கு ஒரு லாபம் உண்டு. கொம்பனிகள் திருத்தும் கையேடுகளை இணையத்தில் போட்டுவிட்டன. எந்தத் திருகாணி எந்த நீளம் என்று இப்போது ஊகிக்கத் தேவையில்லை. பாகம் வாங்கலாம் என்று போனால் முகவரிப் பட்டியலில் இலங்கை இல்லை.

போன கிழமை ரீச்சர் திரும்ப வந்தார். பற்றரி இரவு வரைக்கும் நிற்கிறதாம், அறிவித்தல்தான் கண்ணைக் குத்துகிறதாம். ஒரேகன் சட்டத்தை அவருக்குச் சொன்னேன். மகனிடம் சொல்லி அங்கே முறையிடவோ என்று கேட்டார். அந்தப் பூட்டுத் தடை 2025 ஜனவரி 1க்குப் பிறகு செய்த சாமானுக்குத்தான், உங்கள் போன் அதற்கு மூத்தது என்றேன்.

"அப்ப அங்கை கொண்டுபோனாலும் இது உம்மைக் கள்ளன் எண்டுதான் சொல்லும்."

"ஓம் ரீச்சர்."

சிரித்தார். பிறகு பில் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பற்றரி அசல் என்று என் கையெழுத்தோடு எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்திவிட்டுத்தான் கைப்பைக்குள் வைத்தார்.