நின்றுபோன டீசல் எஞ்சினை எழுப்பும் முன் அதை நிறுத்தும் வழி

பத்தாண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நின்ற ஒரு பழைய டீசல் வண்டியின் எஞ்சினை மீண்டும் ஓட வைத்த வேலையை இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன். இப்படிப்பட்ட வண்டி கைக்கு வந்ததும், புதிய பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்க்கலாம் என்ற ஆசை எவருக்கும் எழும். நின்றிருந்த ஆண்டுகளில் நேர்ந்ததைவிடப் பெரிய சேதம் அந்த முதல் திருப்பலில் நேர்ந்துவிடக்கூடும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே எஞ்சின் தடையின்றிச் சுற்றுகிறதா, சுத்தமான டீசல் காற்றுக் கலக்காமல், அதைத் தெளிக்கும் நாசில்வரை சென்று சேருமா, ஓடத் தொடங்கிவிட்டால் அதை நிறுத்த முடியுமா ஆகிய மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை செல்ஃப் மோட்டாரைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். மூன்றாவது கேள்வியைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. நான் மிகுந்த நேரம் செலவிட்டது அதற்காகத்தான்.

எஞ்சின் நான்கு சிலிண்டர் கொண்டது. டீசல் நேரடியாகப் பிஸ்டனின் மேல் பாயாமல், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்குள் இருக்கும் சிறிய முன்னறையில் பாய்ந்து பற்றும் பழைய அமைப்பு. நான்கு சிலிண்டருக்கும் டீசலை அழுத்தித் தள்ளத் தனித்தனிப் பிளஞ்சர் (சிறு தண்டு) உள்ள வரிசைப் பம்ப் பொருத்தப்பட்டிருந்தது. வால்வுகளும் பம்பும் டைமிங் கியர்களால் இயங்குவதால் பெல்ட் பற்றிய கவலை இல்லை. ரப்பர் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்தால், பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் அதை மாற்றிய பிறகே சுற்ற வேண்டும்.

முதல் வேலையாக நான்கு நாசில்களையும் கழற்றி, ஒவ்வொரு துளை வழியாகவும் துரு இளக்கும் எண்ணெயையும் எஞ்சின் ஆயிலையும் கலந்து சிறிதளவு ஊற்றி ஊற விட்டேன். நாசில்களைக் கழற்றியதற்கு இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீரோ, மேலிருந்து ஊற்றிய எண்ணெயோ பிஸ்டனின் மேல் தேங்கியிருந்தால், திரவம் அமுங்காது என்பதால் மேலேறும் பிஸ்டன் அதில் முட்டிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். துளை திறந்திருந்தால் அந்தத் திரவம் வெளியே வந்துவிடும். நன்றாக ஊறிய பின் கிராங்க் புல்லி நட்டில் நீளமான கைப்பிடியுள்ள ஸ்பேனரைப் போட்டு, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்தேன். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரின் உட்சுவரான லைனரில் துருவால் ஒட்டியிருக்கும்போது ஒரே பக்கமாக அழுத்தினால் ரிங் உடையும். இரு பக்கமும் மெல்ல அசைத்தால் எண்ணெய் உள்ளே இறங்க இடம் கிடைக்கும். அசைவு கால் அங்குலத்திலிருந்து கால் சுற்றாகி, பிறகு முழுச் சுற்றாக வளர்ந்தது.

இதைச் செய்யும்போது வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவரைத் திறந்து வைத்திருந்தது பயன் தந்தது. ஒரு எக்சாஸ்ட் வால்வு கீழே இறங்கியபின் மேலே வராமல் திறந்தபடியே நின்றுவிட்டது. எஞ்சின் நிறுத்தப்பட்ட வேளையில் திறந்திருந்த வால்வின் வழியாக ஈரம் ஏறிக் கம்பில் துரு பிடித்திருக்க வேண்டும். கவனிக்காமல் செல்ஃபைக் கொடுத்திருந்தால் அந்த வால்வு பிஸ்டனில் மோதியிருக்கும். எண்ணெய் விட்டு, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி, மேலும் கீழும் நகர்த்தி விடுவித்தேன். எட்டு வால்வுகளும் ஸ்பிரிங்கின் விசையால் தாமாக மேலெழுவதைப் பார்த்த பிறகே அந்தக் கட்டத்தை விட்டு நகர்ந்தேன்.

அடுத்தது பம்ப். பெட்ரோல் எஞ்சினில் சாவியை அணைத்தால் தீப்பொறி நின்று எஞ்சினும் நிற்கும். டீசல் எஞ்சினில் அணைப்பதற்குத் தீப்பொறியே கிடையாது. டீசலை நிறுத்தினால்தான் எஞ்சின் நிற்கும். வரிசைப் பம்பில் எவ்வளவு டீசல் செல்ல வேண்டும் என்பதை ஒரு நீண்ட பற்சட்டம் முடிவு செய்கிறது. அது நகரும்போது நான்கு பிளஞ்சர்களும் சேர்ந்து சுழன்று அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. பல ஆண்டுகள் நின்ற டீசல் ஆவியாகிப் பிசினாக இறுகும்போது ஒரு பிளஞ்சர் ஒட்டிக்கொண்டாலும் போதும், சட்டம் முழுவதும் அசையாமல் நின்றுவிடும். அது முழு அளவில் ஒட்டியிருக்கும்போது எஞ்சின் பற்றிக்கொண்டால், ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே வேகம் ஏறிக்கொண்டு போகும்; நிறுத்தும் நெம்புகோலை இழுத்தாலும் பயனிருக்காது.

பம்பின் பக்கவாட்டு மூடியைத் திறந்தபோது, சட்டம் அசைய மறுத்ததையும் ஒரு பிளஞ்சர் ஸ்பிரிங் அமுங்கியபடியே நின்றதையும் காண முடிந்தது. அதில் பிசின் கரைக்கும் எண்ணெயைப் பலமுறை விட்டு ஊற வைத்து, தட்டையான ஸ்க்ரூடிரைவரால் மிக மென்மையாக நெம்பி மேலே எழுப்பினேன். பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. அங்கே உப்புத்தாளுக்கோ முரட்டு விசைக்கோ இடமில்லை. விரலால் தள்ளும்போது சட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடையின்றி நகர்ந்து, விட்டவுடன் திரும்பி வரும்வரை இந்த வேலை நீடித்தது. பம்பின் அடியில் அதற்கென்றே இருந்த ஆயில், டீசல் கசிந்து நீர்த்துப் போயிருந்தது, அதையும் மாற்றினேன்.

இந்தப் பம்பின் வேகக் கட்டுப்பாடு காற்றின் வெற்றிடத்தால் இயங்குவது. காற்று உள்ளே செல்லும் குழாயில் உண்டாகும் வெற்றிடம் ஒரு தோல் சவ்வை இழுத்துப் பற்சட்டத்தைக் குறைந்த அளவின் பக்கம் வைத்திருக்கிறது. தோல் காய்ந்து கிழிந்தாலோ வெற்றிட ஹோஸில் வெடிப்பு இருந்தாலோ, ஸ்பிரிங் சட்டத்தை முழு அளவுக்குத் தள்ளிவிடும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: நிறுத்தும் நெம்புகோலை இழுத்துப் பிடித்து, வெற்றிடத் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நெம்புகோலை விட்டால், சட்டம் சற்று நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். எங்கும் நில்லாமல் திரும்பி ஓடினால் சவ்வு காற்றை விடுகிறது என்று பொருள். என் பம்பில் அது திரும்பி ஓடியது. சில சவ்வுகளைச் சில சொட்டு ஆயில் விட்டு இளக்கிவிடலாம். இதில் விளிம்பிலேயே வெடிப்பு தெரிந்ததால் புதியதையும் புதிய ஹோஸையும் போட்டேன்.

டீசல் டேங்கில் அடியில் பழுப்பு நீரும் அதற்கு மேல் கருப்பு வழவழப்பும் இருந்தன. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். ஃபில்டரை அடைக்கும் கருஞ்சேறு அதுதான். பழைய டீசலில் புதியதைக் கலந்து ஓட்டலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. டேங்கை இறக்கிக் கழுவினேன். ஃபில்டர்களையும், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினேன். அந்தப் பகுதியில் பம்ப் டீசலை உறிஞ்சுவதால், வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுகூட விழாததை வைத்து ஹோஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

பழைய ஆயிலை வடித்தபோது பால் நிறம் தென்படாதது நிம்மதி அளித்தது. தண்ணீர் கலந்திருந்தால் வேலை வேறு திசையில் போயிருக்கும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ரேடியேட்டரைத் துருச்சேறு போகும்வரை அலசினேன். பிறகு நாசில்கள் இல்லாமலேயே, நிறுத்தும் நெம்புகோலை இழுத்துக் கட்டிவைத்துச் செல்ஃபைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, ஆயில் அழுத்த மீட்டரின் முள் எழும்வரை சுற்றினேன். உலர்ந்து கிடந்த பேரிங்குகளுக்கு, எரிப்பின் சுமை விழும் முன்பே ஆயில் போய்ச் சேர வேண்டும்.

நாசில்களைக் கைச்சோதனைக் கருவியில் வைத்துப் பார்த்ததில் இரண்டு ஒழுகின. முன்னறை எஞ்சின்களின் நாசில் பொதுவாக சுமார் 120 பார் அழுத்தத்தில் திறந்து, படபடவென்ற ஒலியுடன் புகைபோல் தெளிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுவது சரியாக எரியாது. இந்தச் சோதனையின்போது கையை நாசிலின் முன்னால் கொண்டு போகவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் அது உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் ஆபத்து. ஒழுகிய இரண்டையும் மாற்றி, எல்லாவற்றுக்கும் புதிய வாஷர் போட்டுப் பொருத்தினேன்.

டீசல் குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றும், அதாவது ஏர் எடுக்கும் வேலையில் பொறுமை மட்டுமே தேவை. ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்து, முதலில் ஃபில்டரின் திருகிலும் பிறகு பம்பின் திருகிலும் நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை விட்டு இறுக்கினேன். நாசில் முனை நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, செல்ஃபைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் டீசல் துளிர்த்ததும் இறுக்கினேன்.

டீசல் எஞ்சினில் தீ மூட்டுவது அமுக்கப்பட்ட காற்றின் வெப்பம். அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டுமானால் எஞ்சின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் காற்று ரிங் வழியாக நழுவுவதோடு, குளிர்ந்த இரும்பும் வெப்பத்தை உறிஞ்சிவிடும். எனவே பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, எர்த் கேபிள் சேரும் இடங்களைப் பளிச்சென்று சுரண்டினேன். முன்னறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகள் இந்த எஞ்சினில் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்று அறுந்தால் நான்கும் சூடாகா. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எளிதில் பற்றும் ஈதர் ஸ்பிரேயை நான் பயன்படுத்தவில்லை. சூடான ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அது உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனையும் ரிங்கையும் உடைக்கும்.

எண்ணெய்த் தொட்டி வகை ஏர் ஃபில்டரில் எலிக்கூடு இருந்ததால் அதைக் கழற்றிவிட்டுக் காற்று வாயைத் திறந்தே வைத்தேன். அந்த வாயை முழுமையாக மூடும் அளவுக்கு அகன்ற, தடித்த பலகையுடன் நண்பர் ஒருவர் அருகில் நின்றார். நெம்புகோல் கைவிட்டாலும் காற்றை அடைத்தால் எஞ்சின் நின்றாக வேண்டும். கையாலோ துணியாலோ அடைக்க முயல்வது பேராபத்து. எஞ்சின் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஹீட்டரைச் சூடாக்கிச் செல்ஃபைக் கொடுத்ததும் சைலன்சரில் அடர்ந்த வெண்புகை வந்தது. கண்ணை எரிக்கும் அந்தப் புகை எரியாத டீசல். டீசல் சிலிண்டருக்குள் போகிறது என்பதற்கு அதுவே சான்று. முதலில் ஒரு சிலிண்டர் பற்றியது, பிறகு இன்னொன்று, சற்று நேரத்தில் மூன்று சிலிண்டர்களில் தடுமாறியபடி எஞ்சின் தானாக ஓடியது. நான் ஆக்சிலரேட்டரைத் தொடவில்லை. ஆயில் மீட்டரைப் பார்த்துவிட்டு உடனே நெம்புகோலை இழுத்தேன், எஞ்சின் நின்றது. அந்த நாளின் பெரிய மகிழ்ச்சி அதுதான் என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

மிஸ் அடித்த சிலிண்டரைக் கண்டுபிடிக்க, மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு நாசில் நட்டையும் துணி சுற்றிய ஸ்பேனரால் சற்றுத் தளர்த்திப் பார்த்தேன். மூன்றாவதைத் தளர்த்தியபோது மட்டும் ஒலி மாறவில்லை. நாசில் நல்ல நிலையில் இருந்ததால் பம்பின் பக்கம் பார்த்ததில், அந்தச் சிலிண்டருக்கு டீசலை வெளிவிடும் டெலிவரி வால்வு பிசினில் ஒட்டியிருந்தது தெரிந்தது. கழுவிப் பொருத்தியபின் நான்கும் சேர்ந்து ஓடின.

நீலப் புகை சில காலம் நீடித்தது. பிஸ்டனின் பள்ளங்களில் ஒட்டிய ரிங்குகள் வெறும் ஐட்லிங்கில் விடுபடா. சுமையும் வெப்பமும் வேண்டும். பிரேக்குகளையும் டயர்களையும் முழுமையாகப் புதுப்பித்த பின்னரே வண்டியைச் சாலையில் ஏற்றி, மேடுகளில் ஓட்டினேன். புகை படிப்படியாகக் குறைந்தது. உள்ளே கரைந்து வந்த கசடுக்காக ஆயிலையும் ஃபில்டர்களையும் விரைவிலேயே மறுபடி மாற்றினேன். பின்பக்க ஆயில் சீலில் மட்டும் இன்னும் கசிவு இருக்கிறது. கிளட்சுக்காகக் கியர்பாக்ஸை இறக்கும்போது அதை மாற்ற எண்ணியிருக்கிறேன். அதுவரை ஒவ்வொரு முறை எடுக்கும் முன்பும் ஆயில் அளவைப் பார்த்துக்கொள்கிறேன்.