கூண்டுக்குள் ஒரு பேரியம்

மார்ச் 4

எக்ஸ்-ரே தரவு வந்துவிட்டது. 8 பேரியம், 16 காலியம், 30 ஜெர்மானியம் கொண்ட கிளாத்ரேட், அதாவது அணுக்கள் கட்டிய கூண்டுகளுக்குள் வேறு அணுக்கள் அடைபட்ட படிகம். அதன் அலகுக்கூடு (திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச்சிறு பெட்டி) கனசதுரம், பக்கம் 10.78 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). காலியமும் ஜெர்மானியமுமாக 46 அணுக்கள் கூண்டு கட்ட, 8 பேரியமும் உள்ளே விருந்தாளிகள். ஒரு பேரியம் 2 எலக்ட்ரான் தரும், ஆக மொத்தம் 16. ஜெர்மானியத்தைவிட ஒரு எலக்ட்ரான் குறைந்த காலியம் 16 இருப்பதால் கூண்டில் குறைவதும் 16. கணக்கு நேராகிவிடுகிறது. எத்தனை முறை போட்டாலும் அலுக்காத கணக்கு இது.

மார்ச் 5

குச்சியும் பந்தும் வைத்துக் கூண்டைக் கட்டிப் பார்த்தேன். ஐங்கோணத்தின் உள்கோணம் 108 பாகை, நான்முகிப் பிணைப்பின் (ஓர் அணு நான்கு அண்டை அணுக்களைப் பிடித்திருக்கும் அமைப்பின்) கோணம் 109.5. குச்சிகள் வளையாமலே ஐங்கோணம் மூடிக்கொள்கிறது. அப்படி 12 சேர்ந்தால் 20 முனையுள்ள சின்னக் கூண்டு. அதை மட்டும் அடுக்கினால் இடுக்கு விழும். 12 ஐங்கோணத்தோடு 2 அறுகோணமும் சேர்ந்த 24 முனைக் கூண்டும் வேண்டும். ஓர் அலகுக்கூட்டில் சின்னது 2, பெரியது 6.

தண்ணீரும் குளோரினும் சேர்ந்து உறைந்த குளோரின் ஹைட்ரேட்டில் வேதியியலாளர்கள் பாலிங்கும் மார்ஷும் 1952-ல் கண்டதும் இதே அமைப்புதான். அங்கே கூண்டு கட்டுவது தண்ணீர்!

மார்ச் 6

எந்த இடத்தில் காலியம், எந்த இடத்தில் ஜெர்மானியம்? எக்ஸ்-ரே பார்ப்பது எலக்ட்ரான்களை; எண்ணிக்கை 31, 32 என்பதால் அதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். நாள் முழுக்கப் போனது.

மார்ச் 9

இன்று திரையில் பார்த்ததை மறக்க மாட்டேன். சின்னக் கூண்டுப் பேரியத்தின் அதிர்வு வடிவம், அதாவது அணு ஆடும் பரப்பு, உருண்டை. பெரிய கூண்டில் இருப்பதோ நசுக்கிய வட்டு. மேலும் கீழும் அறுகோணங்கள் நெருக்குகின்றன, பக்கவாட்டில் இடம் தாராளம், அந்தத் தளத்திலேயே அணு அலைகிறது. இந்த அலைச்சல்தான் வெப்பம் சுமந்து வரும் அதிர்வலைகளுக்குத் தடை. எலக்ட்ரான்கள் கூண்டுச் சட்டத்தின் வழியே பெரிய தடையில்லாமல் போய்விடும். வெப்பத்துக்குக் கண்ணாடி, மின்சாரத்துக்குப் படிகம் என்று இயற்பியலாளர் ஸ்லாக் 1990-களில் சொன்னது இதைத்தான்.

ஆனால் ஒரு சந்தேகம். அணு உண்மையிலேயே ஆடுகிறதா, அல்லது ஒவ்வொரு கூண்டிலும் ஒவ்வொரு பக்கம் ஒதுங்கி நிற்கிறதா? சராசரிப் படத்தில் இரண்டும் ஒரே வட்டாகத்தான் தெரியும். குளிர வைத்துத்தான் பார்க்க வேண்டும்: ஆட்டமென்றால் வட்டு சுருங்கும், ஒதுங்கல் என்றால் பெரிதாக மாறாது.

மார்ச் 12

100 கெல்வின். வட்டு நன்றாகச் சுருங்கியிருக்கிறது. அப்படியென்றால் பெரும்பகுதி ஆட்டம்தான்.

பேரியத்துக்குப் பதில் யூரோப்பியம் இருந்தால் கதை வேறு. அது சிறிய அயனி, பெரிய கூண்டின் நடுவில் நிற்பதில்லை. மையத்திலிருந்து சுமார் 0.4 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நான்கு இடங்கள், அவற்றில் ஏதோ ஒன்றில் இருக்கும். ஸ்ட்ரான்ஷியமும் அப்படி விலகும் வகைதான். அப்புறம் என்ன, ஸ்ட்ரான்ஷியம் படிகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஊசிமுனையில் ஒட்டிவிட்டேன். நாளை காலை அளவீடு.