சனிக்கிழமைச் சம்பளம்

பட்டறைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று புலம்பாத லேத் பட்டறைக்காரரை கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையத்திலிருந்து கணபதி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. நானும் புலம்புகிறவன்தான். பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை. தெரிந்த நன்னடத்தை அலுவலர் ஒருவர், "ஒரு பையன் இருக்கானுங்க, பதினெட்டு முடிஞ்சுது, கேஸும் முடிஞ்சுது, வெச்சுக்கறீங்களா?" என்று கேட்டார். சேவை மனப்பான்மையெல்லாம் கிடையாது. ஆள் வேண்டும், சரி என்றேன்.

பையனின் பெயரையும் ஊரையும் எழுதமாட்டேன். சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆவது பிரிவில், இப்படிப்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பெரிய பையன்கள் இரண்டு பேரோடு சேர்ந்து வண்டி திருடினான், பதினாறு வயதில் பிடிபட்டான், கொஞ்ச காலம், வழக்கில் சிக்கிய சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். இது போதும்.

அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. சிறுவயதுக் குற்றத்துக்காக இந்தச் சட்டத்தின்படி நடவடிக்கைக்கு ஆளானவனுக்கு, பின்னால் வேலைக்கோ வேறெதற்கோ அது ஒரு தகுதிக்குறைவாக வந்து நிற்கக் கூடாது. உரிய காலம் போனபின் பதிவேடுகளையும் அழித்துவிட வேண்டும். பதினாறு வயதுக்கு மேல் கொடுங்குற்றம் செய்து, பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. நல்ல சட்டம்தான். ஆனால் இவன் அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, குடியிருக்கும் வீதியில் எவன் வண்டி காணாமல் போனாலும் முதலில் தட்டப்படுவது அந்தக் கிழவியின் கதவு.

அதனால் பட்டறையில் யாரிடமும் நான் சொல்லவில்லை. "எல்லாரும் ஜாக்கிரதையா இருப்பாங்கல்ல" என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிற முதலாளிகளை எனக்குத் தெரியும். சொன்ன அன்றைக்கே அந்தப் பையனுடைய வேலை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கணக்குத் தீர்க்கத்தான் ஒரு மாதம் ஆகும்.

முதலில் கடைசலில் விழும் இரும்புச் சுருள் அள்ளுவது, பிசிறு எடுப்பது. அப்புறம் சின்ன லேத்தில் நிறுத்தினேன். கை நல்ல கை. ஆனால் அளவு தப்பிய உருப்படியை யாருக்கும் தெரியாமல் சுருள் டிரம்மின் அடியில் போட்டுவிடுவான். ஜாப் ஒர்க்கில் இது சாதாரண விஷயமில்லை. மெட்டீரியல் கம்பெனிக்காரருடையது. நூறு கொடுத்தால், தேறினதும் ரிஜெக்ட் ஆனதும் சேர்ந்து நூறு திரும்பிப் போக வேண்டும். குறைந்தால் என் பில்லில் பிடிப்பார்கள். பழைய இரும்பு எடை போடுகிற அன்று டிரம்மைக் கவிழ்த்தபோது ஷாஃப்டுகள் உருண்டு வந்தன. அவன் சுவரோரமாகப் போய், தலையை லேசாகச் சாய்த்து, ஒரு கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். அடி வாங்கிப் பழகினவன் நிற்கிற நிலை அது.

நான் அடிக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. அறிவுரை அவன் கேட்காததா? ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் யாராவது வந்து மிட்டாயோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். டெலிவரி சலானை எடுத்து விரித்து, கணக்கு எப்படிப் போகிறது என்று வரி வரியாகக் காட்டினேன். ரிஜெக்ட் ஆனால் சிவப்புச் சாக்பீஸில் கோடு போட்டு என் மேஜைமேல் வை, அவ்வளவுதான் என்றேன். ரொம்ப நாள் மேஜைக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருநாள் மைக்ரோமீட்டரையும் ஷாஃப்டையும் சேர்த்தே கொண்டுவந்து, "அண்ணா, பேரிங் உக்கார்ற இடத்துல மூணு பாயிண்ட் கூட எடுத்துட்டனுங்க" என்றான். 0.03 மில்லிமீட்டர். என் சீனியர் டர்னர்களே தப்பு என்று ஒப்புக்கொள்ளாத அளவு அது.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை பட்டறையில் ஒருவரின் செல்போன் காணாமல் போனது. சீனியர் டர்னருக்கு எங்கிருந்தோ கதை காதில் விழுந்திருக்கிறது. "அந்தப் பையன் பையைப் பாக்கோணும்" என்று நின்றார். பார்க்கலாம், முதலில் என் பை, அப்புறம் உங்க பை, கடைசியில் அவன் பை என்றேன். அவருக்குக் கோபம். போன் கடைசி வரை கிடைக்கவில்லை. யார் எடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த டர்னர் அடுத்த மாதம் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். நல்ல வேலைக்காரர். எனக்கு நஷ்டம்தான்.

செங்கல்பட்டு அரசு சிறார் இல்லத்தில் ஒரு சிறுவன் இறந்தபின் ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. இல்லத்துக்குள் நடப்பதைப் பற்றி அப்போது நிறையப் பேசினோம், பேச வேண்டியதுதான். கேட்டைத் தாண்டி வெளியே வருகிறவன் சனிக்கிழமை சாயங்காலம் எங்கே போகிறான் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் பக்கம் சனிக்கிழமைதான் சம்பளம். பழைய கூட்டாளிகளுக்கும் அது தெரியும். எதிர் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னுமாக உட்கார்ந்து காத்திருப்பார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அம்முச்சியிடம் இருந்தது. ஐந்து மணிக்கே டவுன் பஸ் ஏறி வந்து, பட்டறை வாசலில் காஸ்டிங் குவியல்மேல் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடும். "வா சாமி, போலாம்." அவனுக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் சம்பளக் கவரை அப்படியே கையில் கொடுத்துவிட்டுக் கூடவே போவான். பேக்கரிப் பக்கம் பார்ப்பான், போகமாட்டான். சில வாரம் அம்முச்சிக்கு உடம்பு முடியாமல் போகும். அந்தத் திங்கட்கிழமைகளில் அவன் வருகிறானா என்று கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டொரு தடவை வரவும் இல்லை.

இப்போது டிரைவிங் லைசன்ஸ் எடுத்துவிட்டான், முறையாக எட்டுப் போட்டு. பைக் வாங்க வேண்டுமாம். பைனான்ஸ் கம்பெனியில் ஜாமீன் கையெழுத்து கேட்கிறார்களாம், என்னைப் போடச் சொல்கிறான். என் மனைவி போடச் சொல்கிறாள், தம்பி வேண்டாம் என்கிறான். ஜாமீன் ஃபாரம் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. தவணைத் தொகை அவன் வாரச் சம்பளத்துக்குக் கட்டுபடி ஆகுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.