மேடையிலிருந்து புரொஜெக்டர் வரை

ஜூலை 4, 2024, வியாழன்

ஒரு வழியாக எங்கள் திரையிடல் குழுவுக்குப் புது ஹால் கைக்கு வந்துவிட்டது. மாடி, மேற்கே நான்கு ஜன்னல், பழைய இடத்தைப் போல இரண்டு மடங்கு. 21-ஆம் தேதி முதல் திரையிடல் என்று செயலாளர் குரூப்பில் அறிவித்தேவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா வீட்டில் இருக்கும் என் மனைவிக்குப் பிரசவத்துக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி 24.

ஜூலை 5, வெள்ளி

பழைய இடத்தில் புரொஜெக்டரும் லேப்டாப்பும் ஒரே மேசையில் இருந்தன. ஒன்றரை மீட்டர் கேபிள். அப்படி ஒன்று இருக்கிறது என்றே யாரும் நினைத்ததில்லை. இங்கே புரொஜெக்டர் உத்தரத்தில் தொங்கப் போகிறது, லேப்டாப் மேடை ஓரத்தில் சவுண்டு மிக்சரோடு. கயிறு பிடித்து அளந்தேன். மேசையிலிருந்து சுவர் ஏறி, கதவு நிலையைச் சுற்றி, சுவரோடு போய், உத்தரத்தில் குறுக்காக நடு வரைக்கும் 18 மீட்டர். இரண்டு முனையிலும் தொங்கலுக்கு ஒரு மீட்டர் விட்டால் 20. நடந்தால் பத்து எட்டு கூட இல்லை. வயருக்கு ஏது நேர் வழி.

ஜூலை 6, சனி

"தூங்குறா, எழுப்பட்டுமா மாப்பிள்ளை?" வேண்டாம் அத்தை என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

வாத்தியார் தன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு விஜிஏ கேபிள், அந்தப் பழைய அனலாக் படக் கேபிள், எடுத்து வந்தார். நீல முனை, 15 பின், நீளம் சரியாக எட்டியது. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த சங்கதி, இன்னும் கல்யாண மண்டபங்களில் உயிரோடு இருக்கிறது. தரையில் விரித்துச் செருகியதும் படம் வந்துவிட்டது. அதன் குணம் அப்படி. எவ்வளவு தூரமானாலும் எதையாவது கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் வலப்பக்கம் மங்கலாக இன்னொரு எழுத்து நிற்கிறது. சிக்னல் கேபிள் முனையில் மோதித் திரும்பி, கொஞ்சம் தாமதமாக மறுபடி வந்து சேர்வதால் விழுகிற நிழல். சப்டைட்டிலில் ‘ழ’வின் கீழ்ச்சுழி கரைந்தே போகிறது. "கண்ணாடி போடாம பாக்குற மாதிரி இருக்கு" என்றார் வாத்தியார், கண்ணாடி போட்டுக்கொண்டு.

ஜூலை 9, செவ்வாய்

புது எச்டிஎம்ஐ, அதாவது டிஜிட்டல் படக் கேபிள், 20 மீட்டர், விரல் தடிமன். அட்டைப்பெட்டியில் ‘4கே’ என்று பொன்னெழுத்து. அவ்வளவு நுணுக்கமான 4கே எல்லாம் வேண்டாம், 1080 வரிப் படம் வந்தால் போதும் என்றுதான் வாங்கினேன். வந்தது. ஐந்து நிமிடத்தில் திரை முழுக்க வெள்ளைப் பொட்டுகள் மினுங்க ஆரம்பித்தன, இருட்டுக் காட்சிகளில் இன்னும் அதிகம். சப்டைட்டிலில் இது தனி வேடிக்கை. ஒரு பொட்டு ‘க’வின் தலையில் விழுந்தால் அது ‘க்’. படிக்கிறவன் திகைத்துப் போவான். அப்புறம் இரண்டு நொடி முழுக் கறுப்பு, மறுபடி படம், மறுபடி கறுப்பு.

விஜிஏ என்றால் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், நாமும் பழகிக்கொள்வோம். டிஜிட்டலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கடைசி எல்லை வரை பளிச்சென்று இருந்துவிட்டு ஒரேயடியாகக் கைவிடும். கடைக்காரர் பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டாராம்.

ஜூலை 10, புதன்

இரவு ஒரு யோசனை. லேப்டாப் நொடிக்கு 60 பிரேம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. 1080-இல் அது நொடிக்குச் சுமார் 445 கோடி பிட், 20 மீட்டர் செம்பில். ஆனால் சினிமா 24 பிரேம்தானே? டிஸ்ப்ளே செட்டிங்கில் 60-ஐ 24 ஆக்கினால் கேபிளின் சுமை பாதியாகிறது. காலையில் போய் மாற்றினேன். பொட்டு ஒன்று கூட இல்லை. படம் முழுக்க ஓடவிட்டேன். மவுஸ் மட்டும் நொண்டுகிறது, அதனால் என்ன.

ஆனாலும் மனது ஒப்பவில்லை. விளிம்பில் நிற்கிற கேபிள் வெயிலில் ஒரு நாள், பழைய முனையில் இன்னொரு நாள் என்று எப்போது வேண்டுமானாலும் காலை வாரும்.

ஜூலை 11, வியாழன்

புதுக்கோட்டை. அவள் கால் வீங்கியிருக்கிறது. வயிற்றில் இரண்டு பட்டை கட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்கிற மெஷினுக்கு. காகிதத்தில் கோடு ஓடிக்கொண்டே வந்தது, திடீரென்று இடையில் வெற்றிடம். நான் எழுந்துவிட்டேன். நர்ஸம்மா அவசரப்படாமல் பட்டையை இரண்டு விரற்கடை கீழே நகர்த்தி, "குழந்தை திரும்புது சார், உக்காருங்க" என்றார். கோடு மறுபடி வந்தது. 140, 144, 138. வயர் மெஷினுக்குள் போகும் இடத்தில் யாரோ பிளாஸ்திரி சுற்றி வைத்திருந்தார்கள்.

பனிக்குடத் தண்ணீர் அளவு கொஞ்சம் குறைவாம். செவ்வாய்க்கிழமை மறுபடி பார்ப்பார்களாம்.

ஜூலை 12, வெள்ளி

எலக்ட்ரீஷியன் அண்ணனோடு பகல் முழுக்க வாக்குவாதம். "முக்கால் இன்ச் பைப்பு போதும் தம்பி, ஊர்ல எல்லாம் அதான்." கேபிள் போகும் அண்ணே, அதன் தலை போகாது என்று முனையைக் காட்டினேன். பைப் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒன்றேகால் இன்ச் வாங்கப் போனார். மூலைக்கு எல்போ போடக் கூடாது, வளைவான பெண்டுதான் வேண்டும் என்றதற்கும் ஒரு முறைப்பு. கரண்ட் லைனையும் அதே பைப்பில் விட்டால் காசு மிச்சம் என்றபோதுதான் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. 230 வோல்ட்டோடு இதைப் படுக்க வைக்கவே கூடாது. ஒரு அடியாவது தள்ளி இருக்க வேண்டும், குறுக்கே வந்தால் நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும்.

டீ வாங்கிக் கொடுத்து சமாதானம். பைப்புக்குள் நைலான் கயிறு ஒன்றை விட்டு இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுத் தந்தார். அது நான் கேட்காமலே செய்தது. கேபிள் எல்லாம் ஐந்தாறு வருஷத்துச் சரக்கு. உள்ளே ஒரு கயிறு இருந்தால் நாளைக்கு என்ன புதுசாக வந்தாலும் சுவரை உடைக்காமல் இழுத்துக்கொள்ளலாம்.

ஜூலை 13, சனி

ஒன்றும் இல்லை. அங்கேயும்.

ஜூலை 15, திங்கள்

யூரோ பைனலை ஹாலில் போட வேண்டும் என்று பசங்க ஒற்றைக்காலில் நின்றார்கள். நேற்று நள்ளிரவு 12.30. தடிக் கேபிளைத் தரையில் போட்டு டேப் ஒட்டி ஓட்டினேன். பந்து ஓட்டத்துக்கு 24 ஒத்துவரவில்லை, பந்து இங்கே ஒரு முறை, அங்கே ஒரு முறை. 60-இல் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன், பொட்டு. கடைசியில் 720-க்கு இறக்கி 60-இல் விட்டதும் நிம்மதி. அதுவும் அதே பாதிச் சுமைதான். ஸ்பெயின் 2, இங்கிலாந்து 1. கடைசிக் கோல் விழும்போது நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

தண்ணீர் பரவாயில்லையாம். ‘பரவாயில்லை’ என்றால் எவ்வளவு என்று கேட்டால் அத்தைக்குக் கோபம் வருகிறது.

சர்ச்சில் சவுண்டு பார்க்கிற நண்பர் எச்டிஎம்ஐ சிக்னலைத் தூரத்துக்குக் கடத்துகிற எக்ஸ்டெண்டர் பெட்டி இரண்டு கொடுத்தார். இடையில் கேட்-6 நெட்வொர்க் வயர். மெல்லிய வயர், எந்தப் பைப்பிலும் போகும், இழுத்த பிறகு முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்திக்கொள்ளலாம். மாலை வரை அருமை. ஆறரைக்கு வாட்ச்மேன் வந்து டியூப்லைட்டைப் போட்டார், திரை ஒரு கணம் செத்துப் பிழைத்தது. அணைத்தார், மறுபடியும். பழைய சோக் பட்டி. வயரைப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. உருளை மேல் ‘காப்பர்’ என்று அச்சடித்தவன் நன்றாக இருக்கட்டும். நல்ல செம்பு வயரில் இந்தப் பெட்டிகள் ஒழுங்காக நடக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இரண்டு பெட்டி, இரண்டு அடாப்டர், உத்தரத்தில் ஒரு பிளக் பாயிண்ட். கழன்று போக எத்தனை இடம்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தாச்சு. ஆனிக்குள்ளேயே ஆகியிருக்கலாம் என்கிறார் அத்தை. நான் என்ன செய்ய.

ஜூலை 18, வியாழன்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து தம்பி வாங்கி பார்சல் சர்வீஸில் போட்ட ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ வந்தது. சுண்டுவிரல் கூட இல்லை, 20 மீட்டரும் ஒரு தட்டில் அடங்கிவிடும். படத்தை நான்கு கண்ணாடி இழைகளில் வெளிச்சமாக அனுப்புகிறது, மற்ற பேச்சுவார்த்தைக்கு மட்டும் உள்ளே மெல்லிய செம்பு. டியூப்லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தேன். அசையவில்லை. 60-இல் இரண்டரை மணி நேரம், ஒரு பொட்டு கிடையாது.

இதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் ‘சோர்ஸ்’, மறுமுனையில் ‘டிஸ்ப்ளே’. மாற்றிச் செருகினால் ஒன்றுமே வராது.

ஜூலை 19, வெள்ளி

இழுத்தாகிவிட்டது. முனைக்குப் பாலித்தீன் சுற்றி, ஒரு அடி தள்ளி உடம்பில் கயிற்றைக் கட்டினார் அண்ணன். இழுப்பு தலைக்குப் போகக் கூடாது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. நான் கீழே நின்று ஊட்ட, அவர் ஏணியில் நின்று இழுக்க, பெண்டில் ஒரு இடத்தில் நின்றது. "அவசரப்படாதீங்க தம்பி" என்று கொஞ்சம் பின்னால் விட்டு, முறுக்கை எடுத்து, மறுபடி. அதோடு சேர்த்து அடுத்ததற்கு ஒரு புதுக் கயிறும் உள்ளே போய்விட்டது. உத்தரத்தில் மிச்சத்தைச் சோற்றுத் தட்டு அளவு வட்டமாகச் சுருட்டிக் கட்டினோம், மடிப்பு எங்கும் இல்லை.

அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. இடுப்பு வலிக்கிறதாம், வந்து வந்து போகிறதாம்.

ஜூலை 20, சனி, விடிகாலை

வாத்தியாருக்கு அனுப்பியது, இங்கேயும் கிடக்கட்டும். சார், முதலில் புரொஜெக்டரைப் போட்டு வெளிச்சம் நிலைக்கும் வரை பொறுங்கள், அப்புறம் லேப்டாப்பைச் செருகுங்கள். தலைகீழாகச் செய்தால் லேப்டாப்புக்கு எதிரில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் 1024-இல் நின்றுவிடும். செயலாளருடைய லேப்டாப்பும் அந்தக் குட்டி அடாப்டரும் வேண்டாம், கேபிளுக்கு வேண்டிய ஐந்து வோல்ட் அதிலிருந்து சரியாக வருவதில்லை. என்னுடையதையே வையுங்கள், பாஸ்வேர்டு செயலாளருக்குத் தெரியும். படமே வராவிட்டால் ஏணி ஏறாதீர்கள், தடிக் கேபிள் மேசைக்கு அடியில் இருக்கிறது, தரையில் போட்டு 24-இல் ஓட்டுங்கள். 5.10 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.