இருந்தும் இல்லாத சூத்திரம்

மார்ச் 31, இரவு எட்டரை மணி. பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் சரக்கு அனுப்பும் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, ஏழு லாரி ஏற்றி நிற்கிறது. பில் போட்டால் திரை செத்துப்போகிறது."

நிரல் பாதியில் அறுந்து விழுவதைத்தான் அப்படிச் சொன்னார். எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளில் வேலை செய்யும் நாங்கள் அதை டம்ப் என்போம். பில் இல்லாமல், சரக்கோடு போக வேண்டிய ஈ-வே பில் என்ற மின்னணுச் சீட்டை எடுக்க முடியாது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட அந்தச் சரக்கு அது இல்லாமல் சாலையில் இறங்கவும் கூடாது. நள்ளிரவு தாண்டினால் அத்தனை விற்பனையும் அடுத்த நிதியாண்டுக்குப் போய்விடும்.

அவர் கைபேசியில் எடுத்து அனுப்பிய படத்தில் பாதி அவருடைய கட்டைவிரல். மீதியை வைத்து நானாக ஒன்றை ஊகித்துக்கொண்டு, விலைப் பதிவுகளில் முக்கால் மணி நேரத்தைத் தொலைத்தேன். வழி காட்டியதும் அவர்தான். "உள்ளூர் பில் எல்லாம் போகிறதே, வெளியூர்தான் நிற்கிறது" என்றார், போகிற போக்கில். வெளியூர் பில்லில் மட்டும் இருப்பது லாரி வாடகை. முதலிலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

டம்ப் விவரங்களைக் காட்டும் எஸ்டி22 திரையைத் திறந்தேன். பெர்ஃபார்ம்_நாட்_ஃபவுண்ட். 'எஃப்ஆர்எம்_கோண்டி_வெர்ட்_901' என்ற பகுதியைக் காணவில்லையாம். வெர்ட் என்றால் ஜெர்மன் மொழியில் மதிப்பு. 1972-இல் ஐபிஎம்-மிலிருந்து வெளியேறிய ஐந்து பேர் ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள் எஸ்ஏபி. பெயர்களில் அந்த மொழி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விலை கணக்கிடும் இத்தகைய சூத்திரங்களை விஓஎஃப்எம் என்ற இடத்தில் எழுதுவோம். நாமாக எழுதுபவற்றுக்கு 600 முதல் 999 வரை எண்கள். 901 எங்களுடையது, எடைக்கேற்ப வாடகை, அதற்கொரு குறைந்தபட்சத் தொகை. அன்று மாலைதான் அதை உற்பத்தி அமைப்புக்கு, அதாவது அன்றாட பில்கள் உண்மையில் போடப்படும் கணினி அமைப்புக்கு, ஏற்றியிருந்தோம். ஆண்டுக் கடைசி நாளில் யாராவது அப்படிச் செய்வார்களா என்று கேட்காதீர்கள். ஒப்புதல் கொடுத்தவன் நான்.

ஏற்றும்போது விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துத் தேடினேன். 901 அங்கேயே இருந்தது, கடைசி வரி வரைக்கும். கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று அமைப்பு சாதித்தது.

பிள்ளை வீட்டுக்குள் ஓடி விளையாடுகிறது, குடும்ப அட்டையில் பெயர் ஏறவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு சூத்திரமும் தனித்தனிக் கோப்பாக இருக்கும். எந்தெந்தக் கோப்புகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற பட்டியல் வேறொரு கோப்பில் இருக்கும். முதன்மை நிரல் பார்ப்பது அந்தப் பட்டியலை மட்டுமே. சூத்திரத்தை எழுதிய அமைப்பில் அது புதுப்பிக்கப்பட்டிருந்தது. உற்பத்தி அமைப்புக்குச் சூத்திரம் வந்து சேர்ந்தது, பட்டியல் பழையபடியே கிடந்தது. ஆர்வி80ஹெச்ஜென் என்ற நிரலை அங்கே ஒருமுறை ஓட்டினால் பட்டியல் புதிதாகிவிடும். ஓட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பத்தேகாலுக்கு முதல் லாரி கிளம்பியது.

அன்று அலறியடித்துக்கொண்டு ஓடினாலும், டம்ப் மீது எனக்குக் கோபம் இல்லை. அது வாசலில் நின்று சத்தம் போடும் கடன்காரன். சத்தமே போடாத இன்னொருவனை அடுத்த ஆண்டு வேறொரு திட்டத்தில் சந்தித்தேன். மாற்றங்களை ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்து போகும் பொட்டலத்தை எஸ்ஏபி-யில் டிரான்ஸ்போர்ட் என்போம். சூத்திரத்தின் நிரல் ஒரு டிரான்ஸ்போர்ட்டில் போகும். விலை நிர்ணய முறையில் அதன் எண்ணைக் குறிக்கும் அமைப்பு மாற்றம் வேறொரு டிரான்ஸ்போர்ட்டில் போகும். எண் போய்ச் சேர்ந்து நிரல் சேராவிட்டால் டம்ப். அங்கே நடந்தது தலைகீழ்: நிரல் சேர்ந்தது, பட்டியலும் புதுப்பிக்கப்பட்டது, எண்ணைச் சுமந்த டிரான்ஸ்போர்ட் மட்டும் வரிசையில் காத்துக் கிடந்தது. யாரும் கூப்பிடாத சூத்திரத்தால் எந்தப் பிழையும் எழவில்லை. பில்கள் அழகாக அச்சாகின, குறைந்தபட்ச வாடகை மட்டும் இல்லாமல்.

மூன்று மாதம் கழித்து, லாரிக்காரர்களுக்குக் கொடுத்ததையும் வாடிக்கையாளர்களிடம் வாங்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த கணக்காளர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "பிழை ஏதும் வரவில்லையே மேடம்" என்றேன். "அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்றார்.

விட்டுப்போன வாடகைக்குப் பற்றுக் குறிப்புகள் அனுப்பினோம். பெரும்பாலானோர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும், "உங்கள் பில்லில் இல்லாததை நான் ஏன் தர வேண்டும்?" என்று ஒரு வரியில் கடிதம் எழுதினார். அதற்குப் பதில் எழுதும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள்.