ஐந்து ரூபாய் ஆட்டமும் நான்கு கண்கட்டுகளும்

போன நவம்பரில் யூடியூபில் வேறு எதையோ தேடப்போய் 'வாட்ஸ் மை லைன்?' கண்ணில் பட்டது. அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1950 பிப்ரவரி 2 தொடங்கி 1967 செப்டம்பர் 3 வரை ஓடிய நிகழ்ச்சி. பெரும்பாலும் ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு, நியூயார்க்கிலிருந்து நேரடியாக. ஒன்று பார்ப்போம் என்று உட்கார்ந்தவன் மூன்று முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஜனவரிக்குள் நூறைத் தாண்டிவிட்டது.

ஆட்டம் ரொம்ப எளிது. நீள மேசைக்குப் பின்னால் நாலு பேர். முன்பின் தெரியாத ஒருவர் வந்து கரும்பலகையில் பேரை எழுதிவிட்டு உட்காருவார். அவர் என்ன தொழில் செய்கிறார் என்பதை 'ஆமாம்', 'இல்லை' என்ற பதில்களை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு 'இல்லை'க்கும் ஓர் அட்டை திரும்பும், வந்தவருக்கு ஐந்து டாலர், கேள்வி கேட்கும் முறை அடுத்தவருக்கு. பத்து 'இல்லை' சேர்ந்தால் ஐம்பது டாலர், ஆட்டம் அவருடையது. கடைசியில் ஒரு பிரபலம் வருவார். அப்போது மட்டும் நால்வரும் கண்ணைக் கட்டிக்கொள்வார்கள்.

ஐம்பது டாலர் ஆட்டத்துக்கு அந்த நாலு பேரும் வந்து உட்காரும் தோரணையைப் பார்க்க வேண்டும். ஆண்கள் கறுப்பு கோட்டும் 'போ' டையும், பெண்கள் விருந்துக்குப் போகிற நீள கவுனும். நடிகை ஆர்லீன் பிரான்சிஸ் கழுத்தில் இதய வடிவ வைரப் பதக்கம், அநேகமாக எல்லா வாரமும். அவர் கணவர் மார்ட்டின் கேபல் கொடுத்தது. பக்கத்தில் பத்திரிகையாளர் டாரத்தி கில்காலன். ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தை நிறுவியவர்களில் ஒருவரான பென்னட் செர்ஃப். நான்காவது நாற்காலிக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கும். நடத்துநர் ஜான் சார்லஸ் டேலி செய்தியாளர். 1941-ல் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தியை சிபிஎஸ் வானொலியில் வாசித்தவர். அதே மனிதர் இங்கே ஒரு தொழில் 'சேவை'யா, 'பொருளா' என்று அரை நிமிடம் சுற்றி வளைத்து விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்.

பார்த்துப் பார்த்து ஒரு கட்டத்தில் கை அரித்தது. இதை வீட்டில் ஆடிப் பார்த்தால் என்ன?

பிப்ரவரி: கண்கட்டு

முதல் வேலை கண்கட்டு. கடையில் தூங்குவதற்கு விற்கிற பட்டை இருக்கிறது, ஆனால் அதைப் போட்டால் விமானத்தில் வாய் திறந்து தூங்குகிறவர் மாதிரிதான் தெரியும். அதனால் நானே தைத்தேன். மிச்சமிருந்த கறுப்பு காட்டன் துணியில் ஒன்று வெட்டி, நாடா வைத்துக் கட்டிப் பார்த்தேன். டியூப்லைட் அப்படியே தெரிந்தது. இரண்டாவதில் உள்ளே லைனிங் துணி இரண்டு மடிப்பு கொடுத்தேன். வெளிச்சம் நின்றது, ஆனால் மூக்குக்கு இரண்டு பக்கமும் இடைவெளி. கீழே பார்த்தால் எதிரில் நிற்பவரின் கால் தெரிகிறது. எங்கள் வீட்டில் காலைப் பார்த்தாலே யாரென்று சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவதில் மூக்கு வருகிற இடத்தில் பிறை மாதிரி வெட்டாமல், சின்ன முக்கோணத் துண்டு ஒன்றை மடித்து வைத்துத் தைத்தேன். அது மூக்கின் மேல் படிந்து இடைவெளியை மூடியது. நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக். நாலு கண்கட்டுக்கு மூன்று ஞாயிறு போனது. அம்மாவின் பழைய தையல் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்ததும் ஒரு காரணம், பாபின் பெட்டிக்குள் பஞ்சு அடைத்திருந்தது.

மார்ச்: முதல் ஆட்டம், படுதோல்வி

ஞாயிறு மாலை ஏழு மணி. சாப்பாட்டு மேசையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டோம். மச்சான், அத்தை, என் மனைவி, கல்லூரியில் படிக்கிற தங்கை மகள் ஆகிய நாலு பேரும் கேள்வி கேட்பவர்கள். அப்பா நடத்துநர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், டேலி வேலைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது.

நான் செய்த தப்பு, பரிசு ஆயிரம் ரூபாய் என்று சொன்னது. ஆர்வம் வரட்டும் என்று நினைத்தேன். வந்தது சண்டை. "அது இல்லைன்னு அர்த்தம் இல்லீங்க, பாதி ஆமாம்" என்று மச்சான் வாதாட, தங்கை மகள் மேசைக்கடியில் போனைத் தட்ட, அத்தை கோபித்துக்கொண்டு காபி போடப் போய்விட்டார். எல்லோரும் வீட்டு உடுப்பில் இருந்தது வேறு. மச்சான் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டே கேள்வி கேட்டார்.

அன்றிரவு பழைய நிகழ்ச்சி இரண்டு போட்டுப் பார்த்தேன், இந்த முறை ஆட்டத்தை விட்டுவிட்டு ஆட்களை மட்டும். டேலி நால்வரையும் 'மிஸ்', 'மிஸ்டர்' போட்டுத்தான் கூப்பிடுகிறார். வந்தவர் ஆட்டம் முடிந்து கைகொடுக்க வரும்போது ஆண்கள் எழுந்து நிற்கிறார்கள். வந்தவரை ஏற்கெனவே தெரிந்திருந்தால், "எனக்குத் தெரியும், நான் விலகிக்கொள்கிறேன்" என்று தாங்களே ஒதுங்குகிறார்கள். நேரம் போதாவிட்டால் டேலி மீதி அட்டைகளையும் சேர்த்துத் திருப்பி முழுப் பணத்தையும் கொடுத்துவிடுகிறார், யாரும் முணுமுணுப்பதில்லை. பணம் அவ்வளவு சின்னதாக இருந்ததால்தான் இதெல்லாம் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது.

ஏப்ரல்: ஐந்து ரூபாய்

அடுத்த முறை அப்படியே மாற்றினேன். ஒரு 'இல்லை'க்கு ஐந்து ரூபாய், மொத்தம் ஐம்பது. ஆண்களுக்கு வேட்டி சட்டை, பெண்களுக்குப் பட்டு. "ஐம்பது ரூபாய்க்கு ஆயிரம் ரூபாய் இஸ்திரியா?" என்று மச்சான் கேட்டார். ஆனால் மடிப்புக் கலையாத வேட்டியோடு வந்து சேர்ந்தார். வேட்டி கட்டியிருந்ததால் காலைத் தூக்கி வைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

அன்று விருந்தாளியாக வந்தவர் எங்கள் தெருமுனையில் மோட்டார் காயில் கட்டுபவர், அதாவது கருகிப்போன மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பவர். கோயம்புத்தூரில் இதுக்கா பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள், நால்வரில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. "உள்ளே வாங்க, வந்து பேரை எழுதுங்க" என்றார் அப்பா, டேலி சொல்கிற மாதிரியே.

அத்தை: "பொருளா, சேவையான்னு கேட்கலாமா?"

அப்பா: "ஒண்ணொண்ணாக் கேளுங்க."

"கையால செய்யுற வேலைங்களா?"

"ஆமாங்க."

"கட்டுற வேலைங்களா?"

"ஆமாங்க!"

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கோயிலுக்குக் கட்டுவீங்களா?" அவர் யோசித்துவிட்டு, "கோயிலுக்கும் கட்டியிருக்கேனுங்க" என்றார். "கல்யாண வீட்டுக்கு?" "மண்டபத்துக்குக் கட்டியிருக்கேனுங்க." பின்னால் உட்கார்ந்திருந்த எங்களுக்கு வயிறு வலித்தது. அத்தை பூ என்று முடிவே செய்துவிட்டார். "வாசமா இருக்குமா?" என்று கேட்டதும் அவர், "கருகினா நாறுமுங்க" என்றார். அப்பா அதை 'இல்லை' என்று கணக்கில் வைத்து அட்டையைத் திருப்பினார்.

இன்னொரு சங்கதி. அந்த நிகழ்ச்சியில், 'இது உணவு அல்லாத வேறு ஏதோ ஒன்றா?' என்கிற மாதிரி கேட்பார்கள். அப்படிக் கேட்டால் 'ஆமாம்' கிடைக்க வாய்ப்பு அதிகம், முறை கைமாறாது. அதே தந்திரத்தை மச்சான் தமிழில் செய்தார்: "சாப்பிடுற சாமான் இல்லைதானுங்களே?" வந்தவர் "இல்லீங்க" என்றார். இது 'ஆமாம், சாமான் அதில்லை' என்பதா, ஐந்து ரூபாய் 'இல்லை'யா? அப்பா டேலியையே மிஞ்சிய விளக்கம் ஒன்று கொடுத்துவிட்டு, இனிமேல் 'இல்லைதானே' போட்டுக் கேள்வி கேட்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்புறம் ரொட்டிப் பெட்டி. நகைச்சுவையாளர் ஸ்டீவ் ஆலன் அந்த மேசையிலிருந்து 'ரொட்டிப் பெட்டியை விடப் பெரியதா?' என்று கேட்டது அமெரிக்காவில் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. எங்களிடம் ரொட்டிப் பெட்டி எங்கே? தங்கை மகள் கண்டுபிடித்தாள்: "இட்லிக் குண்டானை விடப் பெரிசா?" இப்போது அதுதான் எங்கள் அளவுகோல்.

எட்டாவது அட்டையில் என் மனைவி கண்டுபிடித்தாள். நாற்பது ரூபாயை உறையில் போட்டு அப்பா கொடுக்க, மச்சான் எழுந்து நின்று கைகொடுத்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மே: கொஞ்சம் இருட்டும்

இந்த மாதம் ஆடியதைவிடப் பார்த்ததுதான் அதிகம். 1952-க்கு முந்திய பதிவுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. மிஞ்சியவை திரையில் ஓடுவதைப் பிலிமில் பிடித்தவை என்பதால் எல்லாம் சாம்பல் நிறம், ஓரம் மங்கல். அந்த மங்கலே எல்லோரையும் அழகாக்கிவிடுகிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. முதல் வருடத்தில் அந்த மேசையில் இருந்த கவிஞர் லூயிஸ் அண்டர்மையரை, கம்யூனிஸ்ட் சார்பானவர் என்று எழுந்த எதிர்ப்பால் 1951-ல் நீக்கினார்கள். அந்த இடத்துக்கு வந்தவர்தான் செர்ஃப். இது தெரிந்த பிறகு செர்ஃபின் சிலேடைகளுக்கு முன்பு போலச் சிரிக்க முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி சிரித்தேன், அது வேறு.

1957-ல் வந்த ஓவியர் சால்வதோர் தாலியை மூன்று முறை பார்த்தேன். என்ன கேட்டாலும் 'ஆமாம்'. டேலி குறுக்கிட்டுக் குறுக்கிட்டுத் திருத்துகிறார், கண்கட்டுக்குள் நாலு பேரும் தவிக்கிறார்கள்.

1965 நவம்பர் 7 நிகழ்ச்சியை ஒரு முறைதான் பார்த்தேன். கில்காலன் வழக்கம்போல் குடைந்து குடைந்து கேட்கிறார். மறுநாள் தன் வீட்டில் இறந்துகிடந்தார், வயது 52. அடுத்த ஞாயிறு அந்த நாற்காலியில் நடிகை கிட்டி கார்லைல்.

ஜூன்: இப்போதைய நிலை

ஆறு ஆட்டம் முடிந்திருக்கிறது. கண்கட்டில் இரண்டுக்கு எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். பிரபலத்துக்குப் பதில் தெரிந்தவர்களையே குரல் மாற்றிப் பேசவைக்கிறோம். பெரியம்மா கீச்சுக்குரலில் பேசி ஒன்பது அட்டை வரை தாக்குப்பிடித்தார், வளையல் சத்தத்தில் மாட்டினார். போன வாரம் வந்த விருந்தாளியைப் பார்த்ததும் அத்தை, "இவங்க எங்க ஊருங்க, எனக்குத் தெரியும்" என்று சொல்லிக் கேள்வி கேட்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆர்லீன் பிரான்சிஸ் தோற்றுப்போவார்.

நேற்று அப்பாவுக்கு 1967-ன் கடைசி நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினேன். அதில் நால்வரும் கண்ணைக் கட்டியிருக்க, மர்ம விருந்தாளியாக இருந்தது டேலியேதான். அப்பா ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். இன்று காலை பேப்பர் படித்துக்கொண்டே, "அடுத்த ஞாயிறு அட்டை திருப்ப வேற ஆளைப் பார்த்துக்கோ" என்றார்.